மலை நகர்வதைக் கேட்ட மண்டபம்

வெள்ளிக்கிழமை, காலை 4.30. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து வேன் புறப்பட்டபோது மழை இல்லை. இருந்தும் வானத்தை இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். வேனின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு புரொஜெக்டர், நான்கு ஸ்பீக்கர், ஒரு கணினி, இருபது மீட்டர் கறுப்புத் துணி என்று எல்லாவற்றையும் பழைய போர்வைகளில் சுற்றி அடுக்கியிருந்தோம். போக வர வாடகை இருபத்தெட்டாயிரம் ரூபாய். ஓட்டுநர் நஸீர் நானா எங்கள் தெருக்காரர், என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்.

"என்ன மகள் இவ்வளவு சாமான்? படம் காட்டப் போறீங்களா?"

"மழைக் கணக்கக் காட்டப் போறேன் நானா."

அவர் மேலே கேட்கவில்லை. நானே சொல்லியிருந்தாலும் சரியாகச் சொல்லியிருப்பேனா தெரியாது. கணக்குகளையும் அளவீடுகளையும் எடுத்து, ஓர் இருட்டறைக்குள் ஒளியாகவும் ஒலியாகவும் மாற்றுவது என் வேலை. வருகிறவர்கள் அட்டவணையை வாசிப்பதில்லை, அதற்குள்ளேயே நிற்பார்கள். நகரத்தின் பஸ் நெரிசலைச் செய்திருக்கிறேன், களனி ஆற்றின் நீர்மட்டத்தைச் செய்திருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லாரும் அழகாக இருக்கிறது என்றார்கள். இந்த முறை அழகாக இருந்தால் நான் தோற்றேன் என்று அர்த்தம்.

காரணம் சிவலிங்கம். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். அங்கே அதை ஸ்டோர் என்பார்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகளை லயம் என்பார்கள். ஸ்டோருக்குப் பக்கத்திலுள்ள மழைமானியைத் தினமும் காலையில் பார்த்து எழுதுவதும் அவர்தான். அவருடைய மகள் கொழும்பில் என் கண்காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டு, என் நம்பரை அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன்பு அழைத்தார்.

"போன வருசம் மழையில நான் லயம் லயமாப் போயி நம்பரச் சொன்னேன் மிஸ். நூத்தம்பது மில்லிமீட்டர் தாண்டிருச்சு, நூத்தம்பது தாண்டிருச்சுன்னு. யாரும் அசையல. எந் தங்கச்சியும் அசையல. நம்பர்தானன்னு இருந்துட்டாங்க. விடியக்குள்ள மண்ணு சரிஞ்சு அந்த லயமே இல்ல." பிறகு கேட்டார்: "நம்பர் சொன்னா வெளங்காது மிஸ். கேட்டவொடனே காலு தானா எந்திரிச்சு ஓடணும். அப்புடி ஒன்னு செஞ்சு குடுக்க ஏலுமா?"

ஏலும் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

காலை 7.15. கித்துல்கலையைத் தாண்டியதும் சாலை ஏறத் தொடங்கியது. கினிகத்தேனைக்கு முன்னும் பின்னும் மலைச்சரிவுகளில் சிவப்பு மண் உரிந்து கிடந்தது. போன வருடத்துச் சரிவுகள். சில இடங்களில் அதன்மேல் புல் முளைத்திருந்தது, சில இடங்களில் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் நஸீர் நானாவின் உதடு அசைந்தது.

"என்ன நானா?"

"ஓதுறன் மகள். இந்த ரோட்டுல மழைக்கு முந்தி ஏறிரணும்."

ஹட்டனில் 9.10. ஆளுக்கு ஒரு பிளேன்டீ, இரண்டு பருப்பு வடை. அங்கிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியா இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மவுசாக்கலை நீர்த்தேக்கம் விளிம்புவரை நிரம்பி, அசையாமல் கிடந்தது. நல்ல வெயில். கொழுந்துக் கூடையோடு பெண்கள் சாலையோரமாகப் போனார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு மேலே இருந்த சரிவுகளைப் பார்த்துக்கொண்டே போனேன்.

டவுனிலிருந்து ஏழு கிலோமீட்டர் மேலே தோட்டம். கடைசி இரண்டும் வெறும் கல்ரோடு. தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை.

முற்பகல் 11.00. சந்தியில் சிவலிங்கம் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த மனிதர், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. சாமான்களை இறக்கிக்கொடுத்துவிட்டு நஸீர் நானா மஸ்கெலியாவிலுள்ள தன் உறவினர் வீட்டுக்கு இறங்கினார். திங்கள் மதியம் வருவதாகப் பேச்சு.

"மொதல்ல வெடிப்பப் பாத்துருங்க மிஸ், மழைக்கு முன்ன," என்றார் சிவலிங்கம்.

பன்னிரண்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் ஒரு லயம். அங்கே வீடு என்பது காம்பிரா, ஒரே அறை. லயத்துக்குப் பின்னால் சமையல் கொட்டில்கள், பிறகு லீக்ஸும் கரட்டும் போட்ட சிறு பாத்திகள், பிறகு தேயிலை. தேயிலைக்குள் இருபது நிமிடம் ஏறினால் வெடிப்பு, மலையில் மண் பிளந்திருக்கும் இடம். அதன் இரண்டு பக்கமும் இரண்டு இரும்புக் கம்புகள், நடுவில் இழுத்துக் கட்டிய ஒரு கம்பி, கம்பின் தலையில் ஒரு பெட்டி. போன வருடத்து மழைக்கு முன்பே ஒரு பல்கலைக்கழகக் குழு நட்டுவிட்டுப் போனது. மண் விலகினால் கம்பி இழுபடும். எவ்வளவு இழுபட்டது என்பதைப் பெட்டி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஒரு பள்ளத்தை எதிர்பார்த்துப் போனேன். அது புல்லுக்குள் மறைந்திருந்த ஒரு கீறல். என் சுண்டுவிரல் மட்டும் உள்ளே போனது. உள்ளே குளிர்ந்த காற்று இருந்தது. சட்டென்று விரலை எடுத்துக்கொண்டேன். இதை எனக்கு ஒரு கோப்பிலிருந்த எண் வரிசையாக இரண்டு மாதமாகத் தெரியும். எந்த வெள்ளை நிறத்தில் வரைந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு வாரம் யோசித்தவள் நான். அந்த இடத்தில் குனிந்து நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது.

"போன மாசம் ஒரு மாடு இந்தக் கம்புல ஒடம்ப ஒரசிருச்சு," என்றார் சிவலிங்கம். "நம்பர் எகிறிப் போச்சு. கேம்பசு புள்ளைங்க அலறியடிச்சு போன் போட்டாங்க. மேல வந்து பாத்தா மாடு நின்னு மேயுது." அவர் சிரிக்கவில்லை.

நான் தங்கியது மரியா டீச்சரின் வீட்டில். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், அங்கேயே பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூடமும் அதை ஒட்டிய மண்டபமும் ஓடைக்கு இந்தப் பக்கம், பாறைமேல் இருக்கின்றன. லயங்கள் அந்தப் பக்கம். நடுவில் ஆள் நடக்கிற ஒரு சிறு பாலம்.

சனிக்கிழமை, பிற்பகல் 2.30. அரைநாள் வேலை முடிந்து நாற்பது பேர் அளவில் வந்தார்கள். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தோம். போன வருடத்து மழையின் ஒன்பது நாட்களை ஒன்பது நிமிடங்களாக்கி வைத்திருந்தேன். ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சுவரில் ஓர் ஒளி இழை விழும். தரையில் தோட்டத்தின் வரைபடம், ஒவ்வொரு காம்பிராவும் ஒரு மஞ்சள் சதுரம். வெடிப்பு ஒரு வெள்ளைக் கோடு. அது அகல அகல ஸ்பீக்கரிலிருந்து ஓர் ஆழ்ந்த முனகல் எழும். சங்கோ மணியோ கிடையாது. காதால் கேட்பதற்கு முன் பாதத்தில் தெரிகிற சத்தம் அது.

முதல் மூன்று நிமிடம் எல்லாரும் ரசித்தார்கள். பெண்கள் தங்கள் சதுரத்தைத் தேடிப்போய் நின்றார்கள். "இது நம்ம காம்பிரா", "இங்க பாரு கோயிலு" என்று பேச்சு. நான்காம் நாள் மழையில் பேச்சு குறைந்தது. ஆறாம் நாளில் நான்கு சுவர்களிலும் ஒளி இடைவிடாமல் கொட்டியது. கோடு அசைந்தது. முனகல் தொடங்கியதும் கோட்டின் மேல் நின்றவர்கள் தாமாக விலகினார்கள். எட்டாம் நாள் அது தரைப்பலகையை உதறியது. ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.

நடுவில் நின்ற ஒரு பெண் நகரவே இல்லை. பிறகு, சத்தத்துக்கு மேலாக, கத்தாமல் சொன்னாள்:

"நாங்க இத ஏற்கெனவே பாத்தாச்சு மிஸ். மண்ணுக்குள்ள கெடந்து பாத்தாச்சு. எங்க பயத்த எங்களுக்கே எதுக்குக் காட்டுறீங்க?"

நிறுத்தினேன். துணியை விலக்கினேன். பாதிப்பேர் அவளுக்குப் பின்னால் வெளியேறியிருந்தார்கள். அவள் பெயர் பாக்கியம் என்று பிறகு டீச்சர் சொன்னார். கொழுந்தெடுப்பவள். போன வருடம் புதைந்த லயத்திலிருந்து பகலில் தோண்டி எடுத்தார்களாம். பக்கத்துக் காம்பிராவில் இருந்தவள் சிவலிங்கத்தின் தங்கை. புதைந்து கிடந்தபடி இருவரும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். தங்கைதான் முதலில் பேச்சை நிறுத்தியது.

சாமான்களைக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். சிவலிங்கம் வயர்களைச் சுருட்டப் போனார். மரியா டீச்சர்தான் தடுத்தார்.

"பயந்தாங்கல்ல?"

"பயந்தாங்க டீச்சர். அதுதான் தப்பு."

"அவரு அதத்தான கேட்டாரு. நேத்துவரைக்கும் அது ஒரு நம்பர். இன்னைக்கு அந்தச் சத்தம் எல்லாருக்கும் தெரியும்."

அன்று மாலையே நடப்பு அளவீடுகளைக் கணினியோடு இணைத்தோம். கோயில் திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கரைச் சிவலிங்கம் இரவல் வாங்கி வந்து மண்டபக் கூரையில், லயத்தைப் பார்க்கத் திருப்பிக் கட்டினார். சத்தம் தானாக வெளியே போகாது. கணினிக்குப் பக்கத்திலுள்ள விசையை ஒருவர் கையால் உயர்த்த வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11.00. மழை தொடங்கியது. ஐப்பசி மழை பிற்பகலில்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். இது முன்னதாகவே வந்து, நிற்காமல் பெய்தது. கீழே எல்லார் வீட்டுக் கூரையிலிருந்தும் புகை. ஞாயிற்றுக்கிழமைச் சமையல். நான் மண்டபத்தில் தனியாக உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகல் 1.20. வெள்ளைக் கோடு அசைந்தது.

நேற்றைய பதிவு ஓடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கணினியைப் பார்த்தேன். பதிவு ஓடவில்லை. நான்கு மில்லிமீட்டர், பத்தே நிமிடத்தில். சிவலிங்கத்தை அழைத்தேன். ஸ்டோருக்குப் பக்கத்தில் மழைமானியோடு இருந்தார்.

"மாடா இருக்கும் மிஸ். மழைக்கு ஒதுங்கியிருக்கும். நான் போயி பாத்துர்றேன்."

"போகாதீங்க அண்ணே. நாங்க முதல்ல—"

இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தால் மணியே போகவில்லை. 1.30க்கு அடுத்த அளவீடு வந்தது. ஒன்பது. கோடு என் கண்முன்னே என் பாத அகலத்துக்கு விரிந்தது. டீச்சரைக் கூப்பிட்டேன். அவர் ஓடி வந்து பார்த்துவிட்டு, அங்கேயே நின்று ஊர் அதிகாரியான கிராம சேவகருக்குப் போன் போட ஆரம்பித்தார்.

என் விரல் விசையில் இருந்தது. அந்தச் சில நிமிடங்களைப் போல ஒரு பயத்தை நான் அனுபவித்ததில்லை. மாடாக இருந்து நான் சத்தத்தைப் போட்டுவிட்டால், அடுத்த தடவை ஒருவரும் எழுந்து வரமாட்டார்கள். மாடாக இல்லாவிட்டால், சிவலிங்கம் இப்போது அதன் மேலே நிற்கிறார். 

"கிராம சேவகர் சனங்கள எறக்கச் சொல்றாரு," என்றார் டீச்சர், போனைக் காதிலிருந்து எடுக்காமல். "போடுங்க மிஸ்."

உயர்த்தினேன். முனகல் கூரையிலிருந்து புறப்பட்டு ஓடையைத் தாண்டிப் போனது. மழையின் இரைச்சலுக்குள் அது அமுங்கிவிடும் என்று பயந்தேன். அமுங்கவில்லை. ஆனால் லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. நானும் டீச்சரும் வாசலில் நனைந்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். கூரைப் புகை அப்படியே போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஒரு கதவு திறந்தது. பாக்கியம். கையில் ஒரு சட்டி மூடி. அதைக் கொண்டு கதவு கதவாக அடித்துக்கொண்டே போனாள். அவள் குரல் எங்களுக்கு விட்டுவிட்டுக் கேட்டது.

"நேத்து கேட்டதுதான், வெளிய வாங்க. சோத்த வுட்டுட்டு வாங்க."

வந்தார்கள். நேற்று வெளியேறிப் போனவர்கள்தான் இன்று முதலில் பாலத்துக்கு வந்தார்கள். குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு. நடக்க முடியாத ஒருவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். 2.10க்குப் பாக்கியம் கடைசியாகப் பாலத்தைத் தாண்டினாள். டீச்சர் பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவதைப் போல ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் கூப்பிட்டார். எல்லாரும் இருந்தார்கள். சிவலிங்கம் இல்லை.

அவருடைய மனைவி வாசலில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். 

2.35. தேயிலைக்குள்ளிருந்து ஒரு தலை தெரிந்தது. வழியை விட்டுச் செடிகளுக்கு மேலாகவே விழுந்தெழுந்து வந்தார். ஒரு காலில் செருப்பில்லை. பாலத்தைத் தாண்டி மண்டபத் தூணைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

"மாடு இல்ல மிஸ். கைய வுட்டுப் பாத்தேன். முழங்கை வரைக்கும் போவுது."

பிற்பகல் 3.50. மலை இறங்கியது. நான் செய்துவைத்திருந்த சத்தத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதைப் போல ஒரு சத்தம், அவ்வளவுதான். பாத்திகள் முதலில் மடிந்தன. தேயிலைச் செடிகள் நின்றபடியே சிறிது தூரம் வந்தன. சமையல் கொட்டில்கள் போயின. நான்கு காம்பிராக்களின் பின்சுவர் உள்ளே சாய்ந்தது. பிறகு நின்றுவிட்டது. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.  மண்டபத்து வாசலில் அத்தனை பேரும் பார்த்தபடி நின்றார்கள்.

போனது சிவலிங்கத்தின் இரண்டு ஆடுகள். வேறு உயிர்ச்சேதமில்லை.

அன்றைக்கு எல்லாரும் மண்டபத்திலேயே படுத்தார்கள். கறுப்புத் துணியைக் கிழித்துக் குழந்தைகளுக்கு விரித்தோம்.

திங்கட்கிழமை, காலை 10.00. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, அந்த லயத்துக்கு இனி யாரும் திரும்பக் கூடாது என்றார்கள். எங்கே போவது என்று கேட்டதற்கு, பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அதற்குக் கீழே இன்னொரு லயம் இருக்கிறது. அதில் ஆட்கள் இருக்கிறார்கள். வெடிப்பின் மறுமுனை அவர்களுக்கு நேர் மேலே.

நான் புரொஜெக்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பாக்கியம் வந்து பக்கத்தில் நின்றாள்.

"இத எடுத்துட்டுப் போயிட்டா அந்தச் சத்தத்த யாரு போடுவா?"

"சிவலிங்கம் அண்ணனும் டீச்சரும் இருக்காங்க."

"அவரு ஸ்டோருல இருப்பாரு. டீச்சர் கிளாசுல இருப்பாங்க. நான் இந்த மண்டபத்துலதான கெடக்கப் போறேன், எப்ப வீடு குடுப்பாங்களோ. எனக்குக் காட்டிக் குடுங்க."

கணினியையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் விட்டுவிட்டுப் போவதென்று முடிவு செய்தேன். அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டாள். எந்த எண் நடப்பு, எந்த எண் பழையது, கம்பி இழுபட்டால் திரையில் எங்கே தெரியும், யாருக்கு முதலில் போன் போடுவது. கொழுந்துக் கறை படிந்த விரலால் விசையைத் தொட்டுப் பார்த்தாள். மெதுவாக உயர்த்தினாள். தரை நடுங்கியது. இறக்கிவிட்டாள்.

"இந்தச் சத்தத்த வேற மாதிரி மாத்த ஏலுமா மிஸ்?"

"ஏலும். மணி மாதிரி, சங்கு மாதிரி, எப்படி வேணும்னாலும்."

யோசித்தாள்.

"வேணாம். மணின்னா பூசன்னு நெனச்சுக்குவாங்க. இதுவே இருக்கட்டும்."

மதியம் ஒரு மணிக்கு நஸீர் நானா வந்தார். டவுனுக்கே செய்தி வந்துவிட்டிருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களா மகள்?" என்று மட்டும் கேட்டார். கினிகத்தேனை இறக்கம் முழுவதும் நானும் அவரோடு வாயசைத்துக்கொண்டு வந்தேன். எனக்குத் தெரிந்த சாமி பெயர்கள் கொஞ்சம்தான். அவற்றையே திரும்பத் திரும்பச் சொன்னேன். கொழும்பு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டிருந்தது, மழையின் சுவடே இல்லை, கடற்கரையில் ஆட்கள் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீடு ஐந்தாம் மாடியில். பின்னால் மலை கிடையாது. மழை வந்தால் அம்மா துணியை எடுக்கச் சொல்வார், தெருவில் தண்ணீர் நின்றால் ஓட்டோக்காரர்கள் அதிகம் கேட்பார்கள். எங்களுக்கு மழை என்றால் அவ்வளவுதான். எத்தனை மில்லிமீட்டர் என்று எங்கள் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை இரவு, போன் வந்தது. தெரியாத நம்பர்.

"பாக்கியம் பேசுறேன் மிஸ்."

எழுந்து நின்றுவிட்டேன். "என்ன பாக்கியம்? என்ன ஆச்சு?"

"ஒன்னுமில்ல. இங்க மழை. மத்தியானத்துலருந்து பாத்துக்கிட்டே இருக்கேன், கோடு அசையல." அவளுக்குப் பின்னால் தகரத்தில் மழை விழுவது கேட்டது. "எல்லாரும் தூங்குறாங்க. தனியாப் பாத்துக்கிட்டிருக்கப் பயமா இருந்துச்சு. அதான் எடுத்தேன்."

"வச்சிராதீங்க," என்றேன். "மழை விடுற வரைக்கும் நானும் இருக்கேன்."

 பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் எண்ணைச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டேன். பதினொரு மணி தாண்டி அங்கே மழை விட்டது.